திரையில் வராத நோயாளி

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. பெரிய டாக்டரில் இருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் சர்வர் அக்கா. அவளைவிட வயதில் மூத்த தலைமை நர்ஸும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் வயசெல்லாம் பார்க்காது.

நகரத்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகள் பெரிதும் சின்னதுமாகப் பல உண்டு. எல்லாவற்றின் கம்ப்யூட்டர்களும் வந்து சேரும் இடம், பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், மருந்துக் கிடங்குக்கும் துணி வெளுக்கும் இடத்துக்கும் நடுவில் இருந்த ஒரு ஜன்னலில்லாத அறை. உள்ளே ஏசி எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும். வெயில் கொளுத்தும் மாதத்திலும் அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். யார் எந்த வார்டில் படுத்திருக்கிறார்கள், யாருக்கு என்ன மருந்து, யார் வீட்டுக்குப் போனார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள் என்பதெல்லாம் அந்த அறையின் சர்வர்களில்தான் பதிவாகியிருந்தது. அவற்றைக் கட்டிக் காப்பது அவள் வேலை.

வேலை என்பதைவிட ஓயாத பஞ்சாயத்து என்று சொல்லலாம். காலையில் வந்து பையைக் கீழே வைப்பதற்குள் போன் அடிக்கும்.

"அக்கா, ஸ்கிரீன் சுத்திக்கிட்டே இருக்கு."

"கடைசியா என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணுமே மாத்தலக்கா. தானா கெட்டுப் போச்சு."

"தானா கெட்டுப் போறதுக்கு அது என்ன பாலா?"

வாய் இப்படிப் பேசினாலும் விரல்கள் அதற்குள் காரணத்தைத் தேடத் தொடங்கியிருக்கும். பெரும்பாலும் காரணம் மனிதர்தான். மருந்து கவுன்டர்காரர் ஒரு நோயாளியின் பதிவைத் திறந்து, பாதி எழுதிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். அவர் வந்து மூடுகிற வரை வேறு யாரும் அந்தப் பதிவில் கை வைக்க முடியாது. வார்டில் நர்ஸ், லேபில் டெக்னீஷியன், எல்லோர் ஸ்கிரீனும் அப்படியே உறைந்து நிற்கும். அவள் யார் வேலை இது என்று கண்டுபிடித்து, சாப்பாட்டு அறைக்கே போன் போட்டு, "கையைக் கழுவிட்டு வந்து மூடிட்டு, மறுபடி போய் சாப்பிடுங்க சார்" என்பாள். ஒருமுறை எக்ஸ்ரே பிரிவில் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று அலறினார்கள். போய்ப் பார்த்தால், எலும்புப் படங்களுக்கு நடுவில் யாரோ ஒரு புண்ணியவான் முழு நீளச் சினிமாக்களைச் சேர்த்து வைத்திருந்தார். எல்லாப் படத்தையும் அழித்துவிட்டு, கடைசியாக இருந்ததற்கு மட்டும் முடிவு என்ன என்று அவரிடமே கேட்டுக்கொண்டு வந்தாள்.

அவளுக்கு மூக்கின் மேல் கோபம். ஆனால் எவ்வளவு திட்டினாலும் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அவளுக்கென்று ஒரு நம்பிக்கை இருந்தது. மெஷின் பொய் சொல்லாது, மனுஷன்தான் தப்பாகத் தட்டுவான். புதிதாகச் சேரும் பதிவு எழுத்தர்களுக்கும் நர்ஸ்களுக்கும் அவள்தான் பயிற்சி கொடுப்பாள். அங்கே மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்வாள்: "தெரியாததை எழுதாதீங்க. ஊர் தெரியலன்னா காலியா விடுங்க. உங்க கற்பனையை எல்லாம் என் டேட்டாபேஸ்ல கொட்டாதீங்க." சிரிப்பார்கள். ஆனாலும் குறித்துக்கொள்வார்கள்.

வீட்டில் அவள் சர்வர் அக்கா இல்லை, பாப்பா. நாற்பதைத் தாண்டியும் பாப்பாதான். அப்படிக் கூப்பிட்டது அண்ணன். அவர் லிஃப்ட் மெக்கானிக். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவளுக்குச் சடை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியது அவர்தான். சடை எப்போதும் கோணலாகத்தான் இருக்கும். பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது, அது நிலைக்கவும் இல்லை. ஒரு சூட்கேஸோடு திரும்பி வந்து வாசலில் நின்றவளை அண்ணன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மாடி அறைக்குப் போய், ரொம்ப நாளாகச் சுற்றாமல் கிடந்த மின்விசிறியைக் கழற்றிச் சரிசெய்து மாட்டிவிட்டு வந்தார். "மேல காத்து நல்லா வரும் பாப்பா" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் விருந்தாளியாக ஒரு நாளும் இருந்ததில்லை.

அண்ணன் வாயைத் திறந்தால் கிண்டல்தான். அவள் வேலையிலிருந்து வந்ததும், "சர்வர், ரெண்டு டீ" என்பார். இடது கையில் அவருக்குச் சுண்டுவிரலின் நுனி கிடையாது. பழைய லிஃப்ட் ஒன்றின் கம்பி இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதைக் காட்டியே, "என் மெஷின் என்கிட்ட பொய் சொல்லிருக்கு பாப்பா, பாரு" என்று அவள் நம்பிக்கையைச் சீண்டுவார். அவளும் விடமாட்டாள். "அது மெஷின் தப்பில்ல, கையை வச்சவர் தப்பு" என்பாள்.

அண்ணி வேறு ரகம். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. எதையும் நேரில் போய்க் கேட்டால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். மின்சாரம் நின்றால் போன் செய்யமாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு மின்சார ஆபீஸுக்கே போய் நிற்பார். போனில் சொல்பவனுக்கு முகமா இருக்கிறது என்பது அவர் கட்சி. நாத்தனாரும் அண்ணியும் இதை வைத்து அடித்துக்கொள்வதும் சிரிப்பதும் அந்த வீட்டில் வழக்கம். பிள்ளை இல்லாத வீடு என்று யாரும் சொல்ல முடியாத அளவுக்கு அங்கே சத்தம் இருந்தது.

அண்ணன் காணாமல் போவதற்குச் சில மாதம் முன்பு நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றது புரியாது.

அப்போதுதான் சின்ன ஆஸ்பத்திரிகளைப் புதிதாக அவள் சர்வரோடு இணைத்திருந்தார்கள். இணைத்ததும் நோயாளியைத் தேடும் ஸ்கிரீன் படுத்துக்கொண்டது. பெயரைத் தட்டிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாலும் பதில் வராது. அவசரப் பிரிவு டாக்டர் படியிறங்கி வந்து, "நோயாளி செத்த அப்புறம் உங்க கம்ப்யூட்டர் அவர் பேரைச் சொல்லும் போல" என்று கத்திவிட்டுப் போனார். அவளுக்கு மானம் போய்விட்டது. மறுநாளே உட்கார்ந்துவிட்டாள்.

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்பதற்கு ஒரு முறை உண்டு, அதைக் குவெரி என்பார்கள். அந்தத் தேடலின் குவெரி சொன்னது இதுதான்: எல்லா நோயாளிகளையும் எடு. முகவரிகள் இருக்கும் இன்னொரு அட்டவணையைப் பார். முகவரி இருந்தால் சேர்த்துக் கொண்டு வா, இல்லாவிட்டாலும் ஆளைக் கொண்டு வா. அந்த 'இல்லாவிட்டாலும்'தான் சர்வரை மூச்சு முட்ட வைத்துக்கொண்டிருந்தது. முகவரி இல்லாமல் யாராவது இருக்கிறார்களா என்று பெரிய ஆஸ்பத்திரியின் பதிவுகளில் தேடிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. மயங்கி விழுந்து, பெயர் தெரியாமல் கொண்டுவரப்பட்டவர்களுக்குக்கூட அங்கிருந்த எழுத்தர் எந்தத் தெருவில் கிடந்தார்களோ அந்தத் தெருவையே முகவரியாக எழுதியிருந்தார். அப்புறம் எதற்கு அந்த 'இல்லாவிட்டாலும்'? எடுத்துவிட்டாள். முகவரி அட்டவணையில் இருப்பவர்களை மட்டும் கொண்டு வந்தால் போதும் என்று மாற்றினாள்.

ஸ்கிரீன் பறந்தது. பெயரைத் தட்டி விரலை எடுப்பதற்குள் பதில். கத்திவிட்டுப் போன அதே டாக்டர் வந்து கைகொடுத்தார். அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவள் முகம் பூரித்துப்போயிருந்தது. அண்ணன் கேட்டுவிட்டு, "என் லிஃப்ட் நின்னா உள்ள மாட்டினவன் கத்துவான். உன் சர்வர் நின்னா டாக்டர் கத்துறாரா? பரவாயில்ல பாப்பா, நாம ரெண்டு பேருமே திட்டு வாங்குற தொழில்தான்" என்றார்.

பிறகு அந்தக் காலை வந்தது. அண்ணன் நகரத்தின் மறுகோடியில் இருந்த கடைக்கு லிஃப்ட் பாகம் ஒன்று வாங்கக் கிளம்பினார். வழக்கம்போல் போனைச் சார்ஜில் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போனார். அந்தப் பழக்கத்துக்காக அண்ணி திட்டாத நாள் கிடையாது. சாயங்காலம் ஆனது, வரவில்லை. கடைக்காரர் அவர் வரவே இல்லை என்றார்.

போலீஸ் எழுதி வாங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரிகளில் தேடச் சொன்னதற்கு இன்ஸ்பெக்டர், "அதெல்லாம் இப்ப ஒரே ஸ்கிரீன்ல தெரிஞ்சிடுதும்மா" என்றார். அவளுடைய ஸ்கிரீனைத்தான் சொன்னார்.

அதற்குள் அவள் தேடியிருந்தாள். ஆண், ஐம்பதுக்கு மேல், அடையாளம் தெரியாதவர். சில வரிகள் வந்தன. வந்த ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பார்த்தாள். ஒருவர் எண்பது வயதுக் கிழவர். ஒருவர் குடித்துவிட்டு விழுந்தவர், கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, "சம்பளம் கொண்டாந்தியா?" என்று கேட்டார். வேறு சமயமாக இருந்தால் இதை வீட்டில் சொல்லிச் சிரித்திருப்பாள்.

இரண்டாம் நாள் காலையில் அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கையில் அண்ணனின் போட்டோ.

"நான் ஒவ்வொரு ஆஸ்பத்திரியா போய் வார்டு வார்டா பாத்துட்டு வந்துடறேன் பாப்பா. எத்தனை இருந்துடப் போகுது?"

"எதுக்கு அண்ணி அலையணும்? எல்லா ஆஸ்பத்திரியும் என் கையிலதான் இருக்கு. யாரைச் சேர்த்தாலும் அந்த நிமிஷமே எனக்குத் தெரியும்."

"ஒருவேளை எழுதாம விட்டிருந்தா?"

"எழுதாம கட்டில்ல படுக்கவே வைக்க முடியாது. என்னை நம்புங்க. நீங்க பஸ் ஸ்டாண்ட், ஸ்டேஷன் பக்கம் பாருங்க."

அண்ணி கொஞ்ச நேரம் போட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றார். படித்தவள், அதிலேயே வேலை பார்ப்பவள் சொல்கிறாள். மின்சார ஆபீஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதவர் இதில் விட்டுக்கொடுத்தார். பஸ் ஸ்டாண்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் பூங்காக்களுக்கும் நடந்தார். ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் போகவில்லை.

அதற்குப் பிறகு அவளுடைய நாள் அந்தத் தேடலோடுதான் ஆரம்பித்தது. ஸ்வெட்டரை மாட்டும் முன்பே தட்டிப் பார்ப்பாள். மத்தியானம் ஒருமுறை, கிளம்பும்போது ஒருமுறை. வீட்டுப் படியேறும்போது அண்ணி கதவருகில் நிற்பார். வாயால் கேட்கமாட்டார்.

"இல்ல அண்ணி. எந்த ஆஸ்பத்திரியிலும் இல்ல."

இதைச் சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதல்கூட இருந்தது. ஆஸ்பத்திரியில் இல்லை என்றால் எங்கோ நல்லபடியாகத்தானே இருக்கிறார். அண்ணியிடமும் அப்படியே சொன்னாள். அண்ணியும் தலையாட்டினார். வாரங்கள் ஓடின. இரண்டு பேரும் இளைத்துப்போனார்கள். அண்ணனின் சட்டைகளை அண்ணி துவைத்துத் துவைத்து மடித்து வைத்தார். யாரும் போடாத சட்டைகள்.

இந்தச் சமயத்தில்தான் ரயில்வே கேட் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு தொல்லை. அங்கே இருந்த நர்ஸ் ஒருத்தி போன் மேல் போன்.

"அக்கா, சாப்பாட்டு லிஸ்ட்ல ஆள் குறையுது. லிஸ்ட்ல வர்றதைவிட வார்டுல ஆள் அதிகமா இருக்காங்க."

சாப்பாட்டு லிஸ்டும் அதே தேடல் குவெரியில் இருந்துதான் வந்தது. ஆனால் அவள் அதை நினைத்துப் பார்க்கவில்லை. மனசு முழுக்க அண்ணன். நர்ஸின் குரல் காதில் கொசு மாதிரி இருந்தது.

"வீட்டுக்கு அனுப்பினவங்களை நீங்க எடுக்காம விட்டிருப்பீங்க."

"அப்படின்னா லிஸ்ட்ல கூடத்தானேக்கா வரணும்? குறையுதே."

நியாயமான கேள்வி. வேறு காலமாக இருந்தால் அந்த ஒரு கேள்விக்கே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். அன்று, "பாக்கறேன்" என்று வைத்துவிட்டாள். பார்க்கவில்லை. மறுபடி போன் வந்தபோதும் பார்க்கவில்லை. வந்த புகார் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. இதற்காக அவளைத் திட்டலாம் என்றால் மனசு வரவில்லை. அண்ணனைத் தேடுவதற்கு இடைஞ்சல் என்று அவள் தள்ளிவிட்டது, அண்ணன் இருக்கும் இடத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே குரலை.

கடைசியில் நர்ஸ் நேரிலேயே வந்துவிட்டாள். சின்னப் பெண். வியர்த்து விறுவிறுத்து அடித்தளத்தில் வந்து நின்றாள். ஏசிக் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்களே ஒரு நாள் வந்து ஆளை எண்ணிப் பாருங்கக்கா. பேஷன்ட் இருக்காங்க, ஆனா லிஸ்ட்ல இல்ல. மத்தவங்க சாப்பாட்டுல கொஞ்சம் கொஞ்சம் எடுத்துத்தான் அவங்களுக்குக் கொடுக்கறோம். மூணு பேர் இருந்தாங்க. முந்தாநாள் ஒருத்தர் போயிட்டார். இப்ப ரெண்டு பேர்."

அவளுக்கு எரிச்சல் வந்தது. நர்ஸ் சொல்வது தப்பு என்று முகத்துக்கு நேரே காட்டிவிட்டால் தொல்லை விடும் என்று, அந்த வார்டின் மூலப் பதிவுகளை நேரடியாக எடுத்து எண்ணினாள். பிறகு தேடல் ஸ்கிரீனில் எண்ணினாள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. மறுபடி எண்ணினாள். நர்ஸ் சொன்ன அதே வித்தியாசம்.

விடுபட்டவர்களைத் தனியாக எடுத்தாள். எல்லோருக்கும் முகவரி காலி.

அவளுக்கு அந்த நொடியே எல்லாம் விளங்கிவிட்டது. எத்தனையோ பேருடைய கோளாறுகளைக் கண்டுபிடித்தவள். தன்னுடையதைக் கண்டுபிடிக்க அவளுக்கு நேரமே பிடிக்கவில்லை. யார் என்றே தெரியாதவருக்கு முகவரி எப்படி இருக்கும்? முகவரி இல்லாதவரை அவளுடைய தேடல் எப்படிக் காட்டும்? பெரிய ஆஸ்பத்திரி எழுத்தர் தெருப் பெயரை இட்டு நிரப்பியதால் அங்கே இருந்தவர்கள் வந்தார்கள். அவர்களைப் பார்த்துத்தான் தேடல் சரியாக வேலை செய்கிறது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

"முகவரியை ஏன் எழுதல?" குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "எடுத்த இடத்தையாவது போட்டிருக்கலாமே. பெரிய ஆஸ்பத்திரியில அப்படித்தானே போடறாங்க."

நர்ஸ் விழித்தாள். "நீங்கதானேக்கா பயிற்சியில சொன்னீங்க, தெரியாததை எழுதாதீங்க, காலியா விடுங்கன்னு? நாங்க அப்படியே செஞ்சோம்."

அவள் சொல்லித்தான் இருந்தாள். மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருந்தாள். அவள் பேச்சை மதிக்காத எழுத்தர் எழுதிய நோயாளிகள் எல்லோரும் ஸ்கிரீனில் வந்தார்கள். அவள் பேச்சைக் கேட்டு நடந்த ஒரு சின்னப் பெண் சேர்த்த நோயாளி வரவில்லை.

முதல் வரியைப் படித்தாள். பெண். இரண்டாவது, இளைஞன். மூன்றாவது: ஆண், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கலாம். பஸ்ஸில் மயங்கியவர், கூட வந்த பயணி ஒருவர் கொண்டுவந்து சேர்த்தார். கையில் பை இல்லை, சட்டைப்பையில் அடையாளச் சீட்டு எதுவும் இல்லை. பக்கவாதம், வலது பக்கம் செயலில்லை, பேச்சில்லை. அங்க அடையாளம்: இடது கைச் சுண்டுவிரல் நுனி இல்லை. சேர்த்த தேதி, அண்ணன் வீட்டை விட்டுக் கிளம்பிய தேதி. வரியின் கடைசிக் கட்டத்தில் இறந்தார் என்று இருந்தது. முந்தாநாள்.

அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. கை மட்டும் அது பாட்டுக்கு நகர்ந்தது. குவெரியைத் திறந்து, தான் எடுத்துவிட்ட 'இல்லாவிட்டாலும்' என்பதைத் திரும்பச் சேர்த்தாள். அவ்வளவுதான் வேலை. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஸ்கிரீன் கொஞ்சம் மெதுவாகச் சுற்றியது. பிறகு, வேறு வேறு சின்ன ஆஸ்பத்திரிகளில் இருந்து, இத்தனை நாள் யார் கண்ணிலும் படாதவர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். அதை அப்படியே அந்த அறையில் கூட வேலை பார்த்த பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டி, "இவங்க எல்லாரைப் பத்தியும் இப்பவே போலீஸுக்குச் சொல்லுங்க, ஒருத்தரையும் விடாதீங்க" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்து, "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு படியேறிவிட்டாள்.

வீட்டுக்குப் போனபோது அண்ணி மதியச் சாப்பாட்டுக்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். நடுப்பகலில் இவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"கிடைச்சிட்டாரா?"

"கிடைச்சிட்டார் அண்ணி."

அதற்கு மேல் உடனே சொல்ல முடியவில்லை. அந்த ஒரு கணத்தில் அண்ணியின் முகம் மலர்ந்ததே, அதை அவள் பார்த்துவிட்டாள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் வந்த வெளிச்சம். அதைத் தன் வாயாலேயே அவள் அணைக்க வேண்டியிருந்தது. அணைத்தாள்.

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எந்த ஆஸ்பத்திரி?"

"ரயில்வே கேட் பக்கத்துல இருக்கே, அது."

"அங்கயா? அங்க நடந்தே போயிடலாமே." பிறகு, "எப்போ?" என்றார்.

"முந்தாநாள்."

"அப்ப, முந்தாநாள் வரைக்கும் இருந்தாரா?"

"இருந்தார் அண்ணி."

ஆட்டோவில் போகும்போது, "என்னைத் திட்டுங்க அண்ணி, ஏதாவது சொல்லுங்க" என்று அவள் கெஞ்சினாள். அண்ணி வெளியே பார்த்துக்கொண்டே, "திட்டினா?" என்றார். தெரிந்த தெருக்கள்தான். அண்ணி கடைக்கு நடக்கும் தெரு, அண்ணன் லிஃப்ட் வேலை செய்த கட்டிடம். ஆட்டோ நின்றபோது கொஞ்ச தூரம்தான் வந்திருந்தார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

பிணவறையில் அடையாளம் காட்டினார்கள். முகத்தில் தாடி வளர்ந்திருந்தது. யாரோ தலையை ஒழுங்காக வாரிவிட்டிருந்தார்கள். அண்ணி அந்த இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். அழுகை அப்போதுதான் வந்தது, அடிவயிற்றிலிருந்து. அவள் ஓர் அடி தள்ளியே நின்றாள். கிட்டே போகும் உரிமை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. சடை பின்னிவிட்ட கை அது. அதைத் தொடக்கூட அவளுக்குத் துணிவில்லை.

வேலைகள் முடிந்து உடலைக் கொடுக்க நேரமாகும் என்றார்கள். அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவர் படுத்திருந்த இடத்தைப் பாக்கணும்" என்றார்.

அந்த நர்ஸ்தான் அழைத்துப் போனாள். விஷயம் தெரிந்ததிலிருந்து அவளும் அழுது அழுது கண் சிவந்திருந்தாள். நீளமான வார்டு. ஒரு கோடியில் கதவு, மறுகோடியில் ஜன்னலோரம் அந்தக் கட்டில். புது விரிப்பு போட்டு, அடுத்த ஆளுக்காகக் காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்டூல்.

"கஷ்டப்பட்டாரா?" என்று அண்ணி கேட்டார்.

"வலின்னு பெரிசா இல்லம்மா. பேச்சுதான் வரல. இடது கையால எழுதச் சொன்னோம், பேனா பிடிக்க வரல. நாங்க பேசறது எவ்வளவு புரிஞ்சுதோ தெரியல, யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்." நர்ஸ் கொஞ்சம் தயங்கினாள். "ஆனா, வெளியாளுங்க பாக்க வர்ற நேரம் மட்டும் அவருக்கு எப்படியோ தெரியும். கதவு திறக்கறப்பெல்லாம் தலையைத் திருப்பிப் பாப்பார். வந்தவங்க வேற கட்டிலுக்குப் போறவரைக்கும் பாப்பார். அப்புறம் அடுத்த தடவை கதவு திறக்கும், மறுபடி பாப்பார். நேரம் முடிஞ்சு கதவை மூடினதும் திரும்பிக்குவார்."

"தினமுமா?"

"தினமும்மா."

அண்ணி கட்டிலையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். அது பார்வையாளர் நேரம்தான். கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தது. பையும் பாத்திரமுமாக ஆட்கள் அவரவர் கட்டிலைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள். அண்ணி வார்டு முழுக்க நடந்து, கதவைத் தாண்டி வெளியே போனார். கதவு மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அண்ணி உள்ளே வந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு பக்கமும் இருந்த கட்டில்களைப் பார்க்காமல், நேராக ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். கட்டிலருகில் நின்றிருந்த அவளுக்கு, அங்கிருந்து கதவு எவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. வருகிறவர் முகம் அடையாளம் தெரியாமல் போக வழியே இல்லை. அண்ணி வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விரிப்பின் மேல் கையை வைத்தார்.

"வந்துட்டேன்" என்றார்.

பிறகு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"உன்னையும்தான் பாத்துக்கிட்டு இருந்திருப்பார். நீயும் வெளிய போயிட்டு வா பாப்பா."

அவள் நடந்தாள். கதவைத் திறந்து வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றாள். ஆட்கள் அவளைத் தாண்டி உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தார்கள். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்து, வாட்ச்மேன் வந்து கதவை மூடும்வரைக்கும் அவளால் உள்ளே போக முடியவில்லை.